இரண்டு நாள் கடை: துண்டுத் தோலும் தெருவிழாவும்

பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினொரு வருஷம் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்தவள் நான். இப்போது வீட்டு முன்னறையில் ஒரு பழைய மிஷினைப் போட்டுக்கொண்டு, துண்டுத் தோலில் பர்ஸ், சாவிக்கொத்து, ஐடி கார்டு உறை என்று தைக்கிறேன். மாதத்தில் ஒரு சனி ஞாயிறாவது வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் ஏதாவது தெருவிழாவில் இரண்டு நாள் கடை போடுவேன். போன மாதம் எங்கள் சுயஉதவிக் குழுவில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி களிமண் கம்மல் செய்கிறவள், இன்னொருத்தி துணிப்பை தைக்கிறவள். "அக்கா, நாங்களும் கடை போடலாம்னு இருக்கோம், இன்னா இன்னா வேணும்?" என்று கேட்டார்கள். வாயால் சொன்னதில் பாதி விட்டுப்போனது. அதனால் எழுதுகிறேன். என் சரக்கு தோல் என்பதால் உதாரணமெல்லாம் தோலாகவே வரும். அவரவர் சரக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் நான் நஷ்டப்பட்ட கதை. முதல் கடைக்கு ஆறு ஹேண்ட்பேக் தைத்துக்கொண்டு போனேன். ஒவ்வொன்றும் இரண்டு நாள் வேலை. வெளிநாட்டு ஆர்டருக்குத் தைத்த கை, தையல் ஒரு இடத்தில்கூடக் கோணாது. விலை 1,800. வந்தவர்கள் எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள், ஜிப்பை இழுத்துப் பார்த்தார்கள், இரண்டு பேர் தோளில் மாட்டிக்கொண்டு செல்ஃபிகூட எடுத்தார்கள். "சூப்பரா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டுப் பஜ்ஜிக் கடைக்குப் போய்விட்டார்கள். இரண்டு நாளில் ஒரு பை போகவில்லை. போனது என்ன தெரியுமா? பை வாங்குகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கலாம் என்று கடைசி நேரத்தில் வெட்டிக்கொண்டு போன சாவிக்கொத்து. ஒன்று 40 ரூபாய் என்று பத்தொன்பது போனது. மொத்தம் 760 ரூபாய். கடை வாடகையே 1,500.

தெருவிழாவுக்கு வருகிறவர் பை வாங்கவேண்டும் என்று வீட்டை விட்டுப் புறப்படுவதில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காற்றாட வருகிறார். ஐஸ்கிரீம், பலூன், இரண்டு முழம் பூ எல்லாம் போகக் கையில் மிஞ்சுகிற இருநூறு முந்நூறுதான் நமக்கு. 1,800 ரூபாய் என்றால் வீட்டில் பேசிவிட்டுத்தான் எடுப்பார். இது எனக்குப் புரிய மூன்று கடை ஆனது.

யார் நடக்கிற தெரு?

தோலை வெட்டும் முன்னால் அந்தத் தெருவில் யார் நடக்கிறார்கள் என்று பாருங்கள். வேலூரில் இது சுலபம். சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருப்பதால் வங்காளம், ஜார்கண்ட், வடகிழக்கு என்று எங்கிருந்தெல்லாமோ வந்து லாட்ஜில் வாரக்கணக்காகத் தங்குகிறவர்கள் உண்டு. காட்பாடிப் பக்கம் போனால் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள். அப்புறம் எங்களைப் போல ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள். இந்த மூன்று கூட்டத்துக்கும் கழுத்தில் ஏதோ ஒரு கார்டு தொங்குகிறது அல்லது கையில் ஏதோ ஒரு சீட்டு இருக்கிறது. இதைப் பார்க்காமல் நான் ஹேண்ட்பேக் தைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு சாயங்காலம் வங்காளத்துக்காரர் ஒருவர் மனைவியோடு வந்து சாவிக்கொத்து எடுத்தார். ஆஸ்பத்திரிச் சீட்டு, ஆதார், மாத்திரை அட்டை, பணம் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில் சுருட்டி வைத்திருந்தார். நோட்டை உருவுவதற்காக அந்தக் கவரின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு ராத்திரியே, கழுத்தில் மாட்டிச் சட்டைக்குள் விட்டுக்கொள்கிற மாதிரி ஒரு பை வெட்டினேன். நாலாக மடித்த சீட்டு நுழையவேண்டும், போன் நுழையவேண்டும், வாய்க்கு ஜிப் வேண்டும், பின்னால் பணத்துக்கு ஒரு ரகசிய அறை வேண்டும். 200 ரூபாய். வேலூர் டவுனுக்குள் போடுகிற கடையில் இன்றைக்கும் அதுதான் என் பிழைப்பு. அவர்கள் "தாம் கோத்தோ?" (என்ன விலை?) என்று கேட்டால் "தூஷோ, தாதா" (இருநூறு, அண்ணா) என்று சொல்லும் அளவுக்கு வங்காளமும் வந்துவிட்டது.

இரண்டு நாள் கடைக்கு நான் கொண்டுபோவது 120 உருப்படி. அதில் சாவிக்கொத்து 50, ஐடி கார்டு உறை 40, ஆண்கள் பர்ஸ் 20, கழுத்துப் பை 8, ஹேண்ட்பேக் 2. காட்பாடியில் என்றால் கழுத்துப் பையைக் குறைத்து ஐடி உறையைக் கூட்டுவேன், டவுனில் என்றால் மாற்றிக்கொள்வேன். அந்த இரண்டு ஹேண்ட்பேக் விற்பதற்கு இல்லை. உயரத்தில் தொங்கவிட்டால் தூரத்திலிருந்து ஆள் வரும், அதற்குத்தான். வந்த ஆள் 50 ரூபாய்ச் சாவிக்கொத்தோடு போவார். போகட்டும்.

கோயில் திருவிழா வேறு கணக்கு. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அம்மன் சிரசு ஊர்வலமாக வருகிற நாள், வைகாசி ஒன்றாம் தேதி. லட்சக்கணக்கில் ஜனம் வரும், எந்தக் கடைக்கும் விற்காமல் போகாது. ஆனால் அங்கே நான் தோல் வைப்பதில்லை. ஒரு தடவை வைத்தேன். ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல், "அம்மன் வர்ற வழியில தோலு வேணாம்மா" என்றார். அம்மனுக்கு முன்னால் அடிக்கிற பம்பையும் தோல்தானே என்று வாய் வரைக்கும் வந்தது. வாதாடி ஜெயித்தால் பர்ஸ் விற்குமா? சுருட்டி மூட்டையில் போட்டுவிட்டேன். இப்போது சிரசுக்கு மட்டும் குடியாத்தம் கைத்தறி லுங்கித் துண்டில் தைத்த கழுத்துப் பை. வெறுங்காலோடு, கையில் எதுவும் வைத்துக்கொள்ள இடமில்லாமல் கூட்டத்தில் நிற்கிறவர்களுக்கு அது உதவுகிறது.

துண்டுத் தோல் எடுப்பது

ஆம்பூரில் ஷூ கம்பெனியின் வெட்டு மிச்சத்தைத் தரம் பிரித்துக் கிலோ கணக்கில் போடுகிற குடோன்கள் இருக்கின்றன. மூட்டையாக வாங்காதீர்கள். மேலே உள்ளங்கை அகலத் துண்டு இருக்கும், அடியில் நகம் அகலத்துக்கு நார்நாராகக் கிடக்கும்.

"பாய், போன தடவ மாதிரி அடியில குப்ப போட்டுராதீங்க."

"நான் எங்கம்மா போட்டேன்? நீயே கொட்டிப் பாத்துக்கோ."

கொட்டித்தான் பார்க்கவேண்டும். தரையில் பரப்பி, ஒவ்வொரு துண்டையும் முகம், அதாவது வழவழப்பான மேல்பக்கம், உள்ளே வருகிற மாதிரி மடக்குங்கள். மடிப்பில் முகம் தனித் தோலாகச் சுருங்கி எழுந்தால் அது வயிற்றுப் பக்கத் தோல், பர்ஸுக்கு ஆகாது. ஷூ அப்பர் தோல் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கனமாக இருக்கும். பர்ஸில் நாலு மடிப்பு ஒன்றாக வருகிற இடத்தில் அது செங்கல் மாதிரி ஆகிவிடும். உள்ளறைகளுக்கு மெல்லிய லைனிங் தோல் அல்லது துணி போடுங்கள். நான் போடுவது லுங்கித் துண்டு. கட்டம் போட்ட அந்த உள்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "எங்க தாத்தா லுங்கி மாதிரியே இருக்கு" என்று சிரித்துக்கொண்டே வாங்கிப்போனவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு கலர் எடுத்தால் இருபது உறைக்காவது வருகிற அளவு எடுங்கள். ஆளுக்கொரு கலராக நாற்பது உறை மேஜையில் கிடந்தால் பழைய சாமான் கடை மாதிரி தெரியும்.

விலை போடுவது

புதிதாகக் கடை போடுகிறவர்கள் எல்லாரும் சறுக்குகிற இடம் இது. துணிப்பைக்காரப் பெண்ணிடம் கேட்டேன். துணி 40, நூல் 3, அதனால் விலை 70 என்றாள். அவள் கூலி எங்கே? கடை வாடகை எங்கே? ஆட்டோ எங்கே?

என் ஐடி உறைக் கணக்கைச் சொல்கிறேன். தோல் 15 ரூபாய், நூலும் லைனிங்கும் 5, கொக்கியும் வாரும் 14. ஆக 34. ஒன்று தைக்க எனக்கு இருபது நிமிஷம். என் ஒரு மணி நேரத்துக்கு நானே 90 ரூபாய் என்று வைத்திருக்கிறேன், அப்படியென்றால் கூலி 30. இது வரைக்கும் 64. இனிமேல்தான் பலரும் மறந்துவிடுகிற செலவு. இரண்டு நாள் வாடகை 1,500, வண்டி 600, இரண்டு பேருக்குச் சாப்பாடு டீ 500, கவர் பில்புக் 200. மொத்தம் 2,800. தொண்ணூறு உருப்படி விற்றால் ஒன்றின் தலையில் 31 ரூபாய். எல்லாம் சேர்த்தால் 95. நான் சொல்லும் விலை 130, பேரத்தில் 120 வரை இறங்குவேன், அதற்குக் கீழே அம்மனே வந்து கேட்டாலும் இல்லை. சாவிக்கொத்தில் இந்த 31 ரூபாய் கட்டாது, அதை உறையும் பர்ஸும் சுமக்கும். அப்படி ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். ஆனால் மொத்தமாகக் கூட்டிப் பார்க்கும்போது 2,800 வந்திருக்கவேண்டும்.

உங்கள் கூலியை எழுதிவிட்டுத்தான் விலை போடவேண்டும். கம்பெனியில் ஒரு நாள் லீவு போட்டாலும் சம்பளத்தில் பிடிப்பார்கள், அது நமக்குத் தெரியும். வீட்டில் உட்கார்ந்து தைத்தால் மட்டும் நம் நேரம் சும்மா கிடைத்த மாதிரி நினைத்துக்கொள்கிறோம்.

இடம்

பணம் கட்டும் முன்னால் ஒரு வாரம் முந்தி, அதே கிழமை, அதே நேரத்தில் போய் அந்தத் தெருவில் நில்லுங்கள். பார்க்கவேண்டியது முக்கியமாக வெயில். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு எந்தப் பக்கம் நிழல் விழுகிறது என்று பாருங்கள். தெரு தெற்கு வடக்காக இருந்தால் மேற்குப் பக்கத்துக் கடை கேளுங்கள். வெயில் முதுகுப் பக்கம் போய்விடும், கடைக்கு முன்னால் நிழல் விழும். எதிர்ப்பக்கம் கிடைத்தால் ஆறு மணி வரைக்கும் மேற்கு வெயில் முகத்திலும் மேஜையிலும் அடிக்கும், சரக்கு சுடும். தோலில் ஒட்டின சொல்யூஷன் இளகி ஓரம் பிரிந்துகொண்டு வந்ததை ஒரு மே மாதத்தில் பார்த்திருக்கிறேன்.

பஜ்ஜி, பானிபூரிக் கடைக்குப் பக்கத்தில் வேண்டாம். கூட்டம் நிற்கும், ஆனால் எண்ணெய்க் கையோடு நிற்கும். நாலு கடை தள்ளி இருந்தால் தின்றுமுடித்து, கை துடைத்து, ஆற அமர வருவார்கள். பலூன்காரர் பக்கத்தில் கிடைத்தால் விடாதீர்கள். பிள்ளை அடம்பிடிக்கிற அந்த அஞ்சு நிமிஷம் அம்மா சும்மா நிற்கிறாள், கண் நம் மேஜைக்கு வரும். பாட்டுப் பெட்டிக்குக் கீழே கடை வந்தால் விலை சொல்லியே தொண்டை போகும்.

எந்த இடம் என்று பேசினீர்களோ அதை எழுத்தில் வாங்குங்கள். ஒரு விழாவில் நுழைவாயில் பக்கம் என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். சனிக்கிழமை காலையில் சரக்கோடு போய் நின்றால் ஜெனரேட்டருக்குப் பின்னால் இடம் காட்டினார்கள். "முன்னால வேற ஆளுக்குக் கொடுத்தாச்சும்மா" என்று பதில். டீசல் நாற்றத்தில் யார் தோல் மோந்து பார்ப்பார்கள்? அதற்கப்புறம் கடை நம்பர், மேஜை எத்தனை, நாற்காலி எத்தனை, லைட் உண்டா, பாதியில் மழை வந்து நின்றுபோனால் பணம் என்ன ஆகும், இது அஞ்சையும் வாட்ஸ்அப்பில் கேட்டு, பதில் வந்த பிறகுதான் பணம் போடுகிறேன். வாய் வார்த்தைக்கு வாட்ஸ்அப்தான் சாட்சி.

மேஜை

மேஜைக்கு மேல் வந்தவாசிக் கோரைப்பாய் ஒன்று விரிக்கிறேன். வெளிர் நிறம், அதன்மேல் பழுப்புத் தோலும் கறுப்புத் தோலும் எடுத்துத் தெரியும், காற்றுக்கு வழுக்காது. முன்பு சிவப்பு வெல்வெட் போட்டிருந்தேன். நகைக்கடை மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். தோல் அதில் மூழ்கிப்போனது.

எல்லாவற்றையும் படுக்கவைக்காதீர்கள். நடந்துபோகிறவர் கண்ணுக்கு மேஜைமேல் கிடப்பது தெரியாது. இரண்டு சவுக்குக் கொம்பு நட்டுக் குறுக்கே கயிறு கட்டி, உறைகளைத் துணிக் கிளிப்பில் தொங்கவிடுகிறேன். விலையைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். விலை கேட்கக் கூச்சப்பட்டுப் போய்விடுகிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். தார்ப்பாய்ப் பந்தலின் நாலு காலிலும் தண்ணீர் நிரப்பின 20 லிட்டர் கேன் ஒவ்வொன்று கட்டுங்கள். கோடை மழைக்கு முன்னால் வருகிற காற்று பந்தலைத் தூக்கிக்கொண்டு போகும்.

நிஜத் தோல்தானா?

தோல் கடையில் நாள் முழுக்க வருகிற கேள்வி இது. சிலர் கேட்பதோடு விடமாட்டார்கள். ஒரு தடவை ஒருவர் பர்ஸைக் கையில் எடுத்து, நான் பக்கத்து ஆளுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், பாக்கெட்டிலிருந்து லைட்டரை எடுத்து ஓரத்தில் காட்டிவிட்டார். "நிஜத் தோலுன்னா எரியாதும்மா, யூட்யூப்ல போட்டிருக்கான்." எரியவில்லைதான். கருகிச் சுருண்டது, முடி தீய்ந்த நாற்றம் வந்தது. "ஆமா, நிஜம்தான்" என்று திருப்தியாகக் கீழே வைத்துவிட்டுப் போனார். 350 ரூபாய் பர்ஸ்.

இப்போது மேஜையில் ஒரு வெட்டுத் துண்டைத் தனியாகவே வைத்திருக்கிறேன். கேட்கிறவர் கையில் அதைக் கொடுத்து, ஓரத்தைப் பார்க்கச் சொல்வேன். ரெக்சின் என்றால் மேலே பிளாஸ்டிக், கீழே நெய்த துணி, இரண்டும் தனித்தனியாகத் தெரியும். தோலில் நெசவு இருக்காது, அடிப்பக்கம் பஞ்சு மாதிரி நார் இருக்கும். குரோம் உப்பு போட்டுப் பதனிட்ட தோலாக இருந்தால் வெட்டின ஓரத்தின் நடுவில் லேசாக நீலச் சாம்பல் தெரியும். இதைக் காட்டும்போது நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். அவர்களில் ஒருவராவது வாங்குவார்.

அடுத்த கேள்வி, "ஆடா, மாடா?" என்ன தோலோ அதைச் சொல்லிவிடுங்கள். கேட்கிறவருக்கு ஒரு காரணம் இருக்கும். ஆட்டுத் தோல் பர்ஸைத் தனியாக இடது பக்கம் அடுக்குகிறேன், மாட்டுத் தோலை வலது பக்கம். "இது மாடு சார், அந்தப் பக்கம் ஆடு" என்று சொன்னதும் பாதிப் பேர் அந்தப் பக்கம் நகர்வார்கள். பொய் சொல்லி விற்றால் இரண்டாவது நாளே திரும்பி வந்து கத்துவார்கள். சின்ன ஊர்.

'அம்மா' அச்சு

கூட்டத்தை நிறுத்துவதற்குக் கையில் ஏதாவது வேலை செய்துகொண்டிருப்பதைப் போல எதுவும் இல்லை. கம்மல்காரப் பெண் அங்கேயே உட்கார்ந்து கொக்கி மாட்டலாம். நான் சாவிக்கொத்தில் பேர் அடித்துக் கொடுக்கிறேன். இது கற்றுக்கொள்ள ஒரு அவமானம் ஆனது.

இரும்பு எழுத்து அச்சு செட்டு வாங்கிக்கொண்டுபோய், ஷூ தோலில் அடித்தேன். அடித்தபோது பளிச்சென்று விழுந்தது. ராத்திரி எட்டு மணிக்கு ஒரு காலேஜ் பெண் திரும்பி வந்து நீட்டினாள். எழுத்து பாதி மறைந்திருந்தது. குரோம் பதனிட்ட தோல் ரப்பர் மாதிரி, அழுத்தினது திரும்பி எழுந்துவிடும். பதினொரு வருஷம் அதே தோலைத் தைத்தவளுக்கு இது தெரியவில்லை. ஏனென்றால் ஷூவில் நான் ஒருநாளும் பேர் அடித்ததில்லை. பேர் நிற்கவேண்டும் என்றால் பட்டைத் தோல் வேண்டும். அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட வகை. தேன் நிறத்தில் இருக்கும். விலை கூடுதல், ஆனால் சாவிக்கொத்துக்கு எவ்வளவு தேவைப்படும்?

அடிக்கிற முறை: ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தோல் முகத்தில் ஒரு தடவை ஒற்றுங்கள். கறுத்துவிடும். அவசரப்படாதீர்கள். இரண்டு மூன்று நிமிஷத்தில் பழைய நிறம் திரும்ப ஆரம்பிக்கும், தொட்டால் சில்லென்று இருக்கும். அதுதான் நேரம். கீழே கருங்கல் துண்டு, அச்சை நேராகப் பிடித்து ஒரே அடி. இரண்டாவது அடி அடித்தால் எழுத்துக்கு நிழல் விழுந்து பேய் மாதிரி தெரியும். ரொம்ப ஈரமாக இருக்கும்போது அடித்தால் எழுத்தின் ஓரம் மழுங்கும், காய்ந்தபின் அடித்தால் பதியாது. வீட்டில் ஐம்பது துண்டு கெடுத்துவிட்டு அப்புறம் கடைக்குக் கொண்டுபோங்கள்.

செட்டில் ஆங்கில எழுத்துதான் வரும். ஆனால் தமிழில் கேட்பார்கள். 'அம்மா' என்று ஒரே பித்தளை அச்சாகச் செய்துவைத்துக்கொண்டேன். செலவு இரண்டே கடையில் திரும்பிவிட்டது. ஹாஸ்டல் பையன்கள் தங்களுக்கு ஒன்று ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டு, கடைசியில், "அக்கா, அம்மா ஒண்ணு" என்று கேட்பார்கள். 'அப்பா'வும் செய்யச் சொல்லி ஒருவர் சண்டைபோட்டார். இதுவரைக்கும் செய்யவில்லை.

போணியும் பேரமும் சில்லறையும்

சனிக்கிழமை பதினோரு மணிக்குத் திறந்துவிட்டு ஆள் இல்லையே என்று கலங்காதீர்கள். அஞ்சரைக்கு மேல்தான் தெரு நிறையும். அதுவரைக்கும் சாப்பிடுங்கள், முதுகைச் சாயுங்கள், பக்கத்துக் கடைக்காரரோடு பழகுங்கள். நீங்கள் பாத்ரூம் போகும்போது கல்லாவைப் பார்த்துக்கொள்ளப்போவது அவர்தான். ஞாயிறு காலையில் சர்ச் விட்டு வருகிற கூட்டம் ஒன்று உண்டு, பத்து மணிக்கே திறந்துவிடுங்கள். மாதத்தின் கடைசி வாரத்தில் விழா என்றால் 50 ரூபாய்ச் சரக்கைக் கூட்டுங்கள். சம்பளம் போட்ட வாரம் என்றால் பர்ஸைக் கூட்டுங்கள்.

போணிக்கு நான் அஞ்சு பத்து குறைப்பேன். முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்ப மனசு வராது. பிறகு பேரம். "பஜார்ல எண்பது ரூபாய்க்கு விக்கிறான்" என்று சொல்கிறவரிடம் கோபப்படக்கூடாது. பஜாரில் விற்பது ரெக்சின். வெட்டுத் துண்டை எடுத்துக் கையில் கொடுங்கள். அப்பவும் குறை என்றால், "ரெண்டு எடுத்துக்கோங்க, 240, ஒரு சாவிக்கொத்து சும்மா தர்றேன்" என்பேன். பேர் அடிக்காத, கறுப்பு மிச்சத்தில் வெட்டின சாவிக்கொத்து அது, எனக்கு ஆறு ரூபாய் அடக்கம்.

காசு வாங்குகிற வேலை என் தங்கச்சி மகளுடையது. தைக்கிற கைக்கும் கல்லாவுக்கும் ஒரே ஆள் ஆகாது. பத்து ரூபாயும் இருபதுமாக 500 ரூபாய்க்குச் சில்லறை மாற்றிக்கொண்டு போங்கள். க்யூஆர் அட்டை இரண்டு வையுங்கள், ஒன்று மேஜையில், ஒன்று கயிற்றில். கூட்டம் ஏறினால் நெட் படுத்துவிடும். எட்டு மணிக்கு, பணம் போன மாதிரி ஸ்கிரீனைக் காட்டிவிட்டு நகர்கிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, சிலருக்கு உண்மையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். எதுவானாலும் சவுண்ட் பாக்ஸ் பேசும் வரைக்கும் சரக்கைக் கவரில் போட்டுக்கொண்டே இருங்கள். "பெரியம்மா, இன்னும் வரல" என்று அவள் சத்தமாகச் சொல்வாள். அது வாங்குகிறவருக்கும் கேட்கவேண்டிய சத்தம்தான்.

காகித வேலை

இது கொஞ்சம்தான். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம், யாராவது காசு கேட்டால் அவர் தரகர். சொந்த மாநிலத்துக்குள் பொருள் விற்கிறவருக்கு வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டாத வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை, நமக்கு அந்தக் கவலை இப்போதைக்கு வேண்டாம். மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டை வாங்கிவையுங்கள், அரசு நடத்தும் கண்காட்சிகளில் கடை கேட்க உதவும். சுயஉதவிக் குழுவில் இருந்தால் மகளிர் திட்ட அலுவலகத்தில் கல்லூரிச் சந்தை எப்போது என்று கேட்டுக்கொண்டே இருங்கள். கேட்கிறவருக்குத்தான் முதலில் போன் வரும்.

திங்கட்கிழமை

வீட்டுக்கு வந்ததும் மிஞ்சின சரக்கைப் பாலித்தீன் கவரில் கட்டிப் பரண்மேல் போடாதீர்கள். ஐப்பசி மழையில் அப்படிக் கட்டிவைத்த முப்பது பர்ஸில் பச்சைப் பூஞ்சை ஏறிவிட்டது. ஒரு நாள் நிழலில் காற்றாடவிட்டு, பழைய பருத்திப் புடவையில் சுற்றிவையுங்கள்.

நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு பக்கம் எது எத்தனை போனது, எந்த நேரத்தில் போனது. இன்னொரு பக்கம், கேட்டார்கள் ஆனால் என்னிடம் இல்லாதது. விற்றதைவிட அந்தப் பக்கத்தைத்தான் நான் அதிகம் புரட்டுவேன். போன கடையில் இருந்து அந்தப் பக்கத்தில் இருப்பது இது: மூக்குக்கண்ணாடி உறை, ஏழு பேர். பைக் ஆர்.சி. புக் வைக்கிற பர்ஸ், நாலு பேர். இடது கைக்காரருக்கு வாட்ச் வார், ஒருவர். 'அப்பா' சாவிக்கொத்து, பதினொரு பேர்.

பித்தளை அச்சுக்காரரை நாளைக்குப் போய்ப் பார்க்கவேண்டும்.